மனசுல தோணுறதைச் சொல்லுங்க

“சார், திரையைப் பார்க்கும்போது மனசுல என்ன தோணுதோ, அதை அப்படியே சத்தமா சொல்லிட்டே வாங்க. நான் வாயே திறக்கக் கூடாது. அதுதான் இந்தச் சோதனையோட விதி.”

சொல்லிவிட்டு அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். பணியிட ஆய்வுக்காக எட்டு மாதம் கண்விழித்து அவள் உருவாக்கிய ஆப் அது. இன்று இந்தச் சலவைக்கூடத்தில் தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று தலைமை அலுவலக அதிகாரி முன்பே சொல்லியிருந்தார்.

பாதுகாப்பு ஆய்வாளர் சொன்ன சொல் தட்டாதவர். துணி துவைக்கும் இயந்திரங்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டிய குரல் அவருக்கு.

“நீராவிக் குழாய் கசியுதான்னு கேக்குது. இல்லைன்னு போடுறேன். அடடா, ஆமான்னு விழுந்துருச்சு.”

திரை சிவந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“பரவால்ல, அபாய அளவைக் குறைச்சுடலாம். இப்படித் தள்ளணும்போல. ரெண்டு. மூணு. ஏம்மா, அஞ்சுக்குப் போயிருச்சே.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அவளுக்குக் கை பரபரத்தது. விதியாயிற்றே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இந்தப் பட்டனை அமுக்கினா மூடிரும்.” அமுக்கினார். வந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். “எல்லாரும், உடனே, வெளியேறவும்.”

‘எச்சரிக்கை அனைவருக்கும் அனுப்பப்பட்டது’ என்றது திரை. அடுத்த நிமிடம் துணியைப் போட்டது போட்டபடி தொழிலாளர்கள் முப்பது பேரும் முற்றத்தில் நின்றார்கள்.

“உன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டேனேம்மா,” என்று ஆய்வாளர் கண்கலங்கினார்.

முற்றத்தில் காத்திருந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடி வந்தார். “நாப்பது செகண்டுல கூடமே காலி. மணி அடிச்சாலும் அசையாத ஆளுங்க இவங்க. உங்க ஆப்போட ஒரே மெசேஜ் ஓட வெச்சிருச்சே. இதைத்தான் தேடிட்டு இருந்தோம்.” அங்கேயே ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

“நீங்க மட்டும் தப்பா அமுக்கலைன்னா நான் இன்னைக்குக் காலி சார். உங்களை மறக்கவே மாட்டேன்,” என்று அவள் ஆய்வாளரின் கையைப் பிடித்துக்கொண்டாள். தப்பு செய்து நன்றி வாங்குவது அவருக்கு இதுதான் முதல் தடவை. பதிலுக்கு அவரும் நன்றி சொன்னார்.

மனம் நிறைந்திருந்த அவளுக்கு யாரைப் பார்த்தாலும் கும்பிடத் தோன்றியது. முற்றத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த இஸ்திரி அக்காவிடம் போனாள்.

“மெசேஜைப் பார்த்ததும் ஓடி வந்தீங்களே, ரொம்ப நன்றிக்கா.”

“எந்த மெசேஜும்மா? எங்க போனெல்லாம் உடை மாத்துற ரூம்ல பையோட தொங்குது. குழாய் கசியுது, அஞ்சுக்குப் போயிருச்சு, எல்லாரும் வெளிய போங்கன்னு சார்தானே அந்தக் கத்து கத்துனாரு. அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கணும்.”