ஆதிதாளத்தில் ஒரு சவரம்

திருச்சி ஜில்லாவில் சங்கீதத்துக்காக ரத்தம் சிந்தியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போட்டால், முதல் நூறு பேரும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஆதிதாளத்திடம் சவரம் செய்துகொண்டவர்களாகத்தான் இருப்பார்கள். நூற்றியோராவது ஆள் வேண்டுமானால் யாராவது வித்வானாக இருக்கலாம்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கடைப் பலகையில் 'சலூன்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. இளவயதில் தவில் கற்றவர். பாட்டு இல்லாமல் அவர் கத்தி ஓடாது. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை அல்லவா, எட்டு எண்ணுவதற்குள் ஒரு இழுப்பு, பிறகு கத்தியைத் துடைப்பது, மறுபடி எட்டு. ஐம்பதுகளில் கடையில் ஒரு சாவி கொடுக்கிற கிராமபோன் இருந்தது. ரிக்கார்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு கன்னம், திருப்பிப் போட்டால் மறு கன்னம். கழுத்துக்கு மட்டும் ஆற அமரப் பாடுகிற பழைய கீர்த்தனை ஒன்று தனியாக வைத்திருந்தார். அந்த நாளில் அவர் மழித்த கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். நான் பார்த்திருக்கிறேன்.

கிராமபோனின் ஸ்பிரிங் அறுந்தது, கடைக்கு ரேடியோ வந்தது, கூடவே வினையும் வந்தது. ரேடியோ நம்மைக் கேட்டுக்கொண்டா பாடுகிறது? கீர்த்தனை முடிந்த கையோடு, புத்தம்புது சினிமாப் பாட்டு ஒன்று டமடமவென்று கிளம்பும். நடுநடுவே ஒரு கிடார், ஒரு விசில், ஒரு சிரிப்பு. ஆதிதாளத்தின் கை அவரைக் கேட்காமலே அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். நாம் "ஐயோ!" என்று அலறினால்தான் அவருக்கே விஷயம் தெரியும். படிகாரக் கட்டியை எடுத்து நம் தாடையில் தேய்த்தபடி ரேடியோவைத் திட்டுவார்.

ஒரு நாள் காலேஜ் மாணவன் ஒருவன் வாயைக் கொடுத்தான்.

"ஏண்ணே, புதுப் பாட்டு நல்லாத்தானே இருக்கு? கேட்டா ஒரு உற்சாகம் வருதுல்ல?"

"உற்சாகம் யாருக்கு சார்? உங்களுக்கா, கத்திக்கா?"

மாணவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். ஆதிதாளம் விடவில்லை.

"அந்தக் காலத்துல ஒருத்தர் பல்லவிய எடுத்தார்னா, நான் ஒரு தலைய முடிச்சுட்டு, வெத்தலை போட்டுட்டு, எதிர்க்கடையில பேசிட்டு வருவேன். அவர் அப்பவும் பல்லவியிலதான் இருப்பார். இப்ப? துண்ட உதறி உங்க கழுத்துல கட்டறதுக்குள்ள பாட்டே முடிஞ்சுபோவுது. இதெல்லாம் ஒரு பாட்டுங்களா?"

இந்த விவாதத்தை நானும் சிரித்துக்கொண்டு கேட்டவன்தான். எனக்குக் கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கும் வரை.

முதலில் லால்குடியில் பெண் பார்க்கப் போனோம். அன்று காலை ரேடியோவில் என்ன ஓடியது என்பதை என் தாடையில் ஒட்டியிருந்த நான்கு பஞ்சுத் துண்டுகளே சொல்லும். பெண்ணின் அப்பா என் பெரியப்பாவைத் தனியே அழைத்து, "பையனுக்கு அம்மை இறங்கிடுச்சுங்களா?" என்று கேட்டார். அடுத்தது மணப்பாறை. ஒரு விசில் சத்தத்தில் மீசையின் இடது பாதி போய்விட்டது. மறு பாதியையும் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. போட்டோவில் மீசையோடு இருந்த நான் மழுமழுவென்று போய் நின்றதும், "மாப்பிள்ளை பின்னால வர்றாருங்களா?" என்று கேட்டார்கள். முறுக்கு மட்டும் நிறையக் கொடுத்து அனுப்பினார்கள்.

வேறு சலூனுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். என் வீட்டிலிருந்து எங்கே போவதானாலும் ஆதிதாளத்தின் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறொருவர் மழித்த முகத்தோடு அந்தப் பக்கம் போனால், படியில் நின்று, "யார் கை சார் இது?" என்பார். அந்தக் குரலைக் கேட்டால், செய்யாத தப்புக்கும் அழுகை வந்துவிடும்.

மூன்றாவது இடம் உறையூர். பெண் பள்ளிக்கூட டீச்சர். போட்டோ வந்த நாளிலிருந்து ஆபீஸில் ஃபைலைத் திறக்கிற சாக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தாங்க மாட்டேன் என்று இருந்தது. பெரியப்பாவோ, "இதுவும் கெட்டுப்போனா நான் காசிக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் பெண்ணைப் பார்த்தாக வேண்டும்.

ரேடியோவில் வயலின் கச்சேரி இருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். வலது கன்னம் வெண்ணெயாக முடிந்தது. இடது கன்னத்திலும் கழுத்திலும் நுரை பூசி, கத்தியைத் தோல் பட்டையில் தீட்டி எடுத்த சமயம் வயலின் நின்றது. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நேயர்கள் விரும்பிக் கேட்ட புதிய பாடல்கள் என்று அறிவித்தார்கள்.

டமடமடம!

ஆதிதாளம் கத்தியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றுவிட்டார்.

"அண்ணே, ரேடியோவ நிறுத்துங்க."

நிறுத்தினார். கையை என் முன்னால் நீட்டிக் காட்டினார். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"பாட்டு இல்லாட்டி இப்படித்தான் சார் ஆவுது. பாட்டு இருந்தா அப்படி ஆவுது. ரெண்டு சம்பந்தம் என் கையாலதான் போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா? ரெண்டு வாரமா சோறு இறங்கல."

பெரியப்பா குடையோடு வாசலில் வந்து நின்றார். "என்னடா, இன்னும் பாதி மூஞ்சியோட உக்காந்திருக்கே? குளிச்சுட்டு ரெண்டு பஸ் மாறணும்டா!"

நுரை காயத் தொடங்கியது. ஆதிதாளம் என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், பெரியப்பாவை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"கண்ண மூடிக்குங்க சார். நான் சொல்ற வரைக்கும் மூச்சு விட்டாப் போதும், வேற எதுவும் செய்யாதீங்க."

குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு கண்ணை மூடினேன். கத்தி கழுத்தில் சில்லென்று பட்டது. அவர் மெல்ல முனக ஆரம்பித்தார். ஆஹா, என்ன நிதானம்! எந்தக் காலத்துக் கீர்த்தனையோ என்று நினைத்தேன். இரண்டாவது வரியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும், கத்தி மட்டும் கழுத்தில் இல்லாமல் இருந்தால். அவர் பாடியது கீர்த்தனை இல்லை. அந்த மாதம் முழுக்க அவர் கரித்துக்கொட்டிய, விசிலும் சிரிப்பும் வருகிற அதே சினிமாப் பாட்டு! பல்லவி, சரணம், ஒரு வார்த்தை பிசகாமல். விசில் வருகிற இடத்தில் அழகாக ஒரு கமகம் போட்டார். எட்டு எண்ணிக்கைக்கு ஒரு இழுப்பாகக் கத்தி வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு கீறல் இல்லை.

"அண்ணே, இது அந்த..."

"மோகனம்தான் சார். நம்ம பழைய மோகனம். சட்டைய மாத்திக்கிட்டு ஓடுது. கொஞ்சம் நில்லுடான்னு பிடிச்சு நிறுத்துனா, நல்ல பிள்ளையாத்தான் இருக்கு." துண்டால் என் முகத்தை ஒற்றிவிட்டு, கதவைத் திறக்குமுன் குரலைத் தாழ்த்தினார். "வெளியில சொல்லிடாதீங்க. அந்தக் காலேஜ் பையன் காதுல விழுந்தா, அப்புறம் நான் கடை நடத்த முடியாது."

ராகுகாலத்துக்குப் பத்து நிமிஷம் முன்பாக உறையூர் போய்ச் சேர்ந்தோம். டீச்சர் என் முகத்தை நன்றாகவே பார்த்தாள். சரி என்றாள்.

கல்யாணத்துக்கு ஆதிதாளம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தாலி கட்டி முடிந்ததும், எங்கள் பக்கத்து இளவட்டங்கள் கேட்டதற்காக, நாதஸ்வரக்காரர் புதிய சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்தார். "கல்யாண வீட்டுல வாசிக்கற பாட்டா இது?" என்று பந்தலுக்கே கேட்கும்படி ஆதிதாளம் சத்தம் போட்டார். ஆனால் அவருடைய வலது கை மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் மணையிலிருந்து அதைப் பார்த்துவிட்டேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டு, அந்தக் கையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

இப்போது ஆதிதாளம் இல்லை, அந்தக் கடையும் இல்லை. நானே கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொள்கிறேன். பிளேடு பத்திரமானது, காயமே படுவதில்லை. ஆனாலும் ஆதிதாளம் திரும்பி வந்து நாற்காலியைத் தட்டிப் போட்டால், ரேடியோவில் எந்தப் பாட்டு ஓடினாலும் சரி, கழுத்தை நீட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவேன்.