நால்வரில் ஒருவர்

வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் சலூன்காரர் வந்து தாழியை உடைத்தார்.

"அக்கா, முதல்ல உங்ககிட்டத்தான் காட்டணும்னு ஓடி வந்தேன்!" என்று புத்தம்புதுக் குடியுரிமை அட்டையை எட்டாம் நம்பர் ஜன்னலுக்குள் நீட்டினார்.

புள்ளியக்கா பிடித்த பேனா பிடித்தபடி உறைந்துபோனார். நகராட்சியில் புள்ளிவிவரம் எழுதுவதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

ஊரின் மக்கள்தொகை நாற்பதாயிரம். அதில் வெளிநாட்டுக் குடிமக்கள் சரியாகப் பத்தாயிரம். நால்வரில் ஒருவர் வெளிநாட்டவராக இருக்கும் ஊருக்கு மட்டும்தான் மொழி உதவி ஜன்னல் என்பது அரசாங்க விதி. இந்த வருஷ அறிக்கை இன்று மாலை நான்கு மணிக்குப் போயாக வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் ஜன்னலுக்குப் பூட்டு.

அக்கா பதினோரு வருஷமாகக் கட்டிக் காத்தது இந்த எட்டாம் நம்பர் ஜன்னலைத்தான். பள்ளிக்கூட விண்ணப்பம், ஆஸ்பத்திரிச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் என்று பாஷை புரியாமல் முழித்தவர்களுக்கு அங்கேதான் வழி பிறந்தது. குடியுரிமைப் பரீட்சைக்கு மாதிரிக் கேள்வி கேட்டு வறுத்தெடுப்பதும் அக்காதான். முடிவு வர ஒரு வருஷமாவது இழுக்கும் என்றுதான் நினைத்திருந்தார். இந்த வாரம் அட்டைகளை மொத்தமாக அனுப்பித் தொலைத்துவிட்டார்கள்.

"ரொம்ப சந்தோஷம்!" என்றார். உண்மையிலேயே சந்தோஷம்தான், கண்கூடக் கலங்கியது. 'இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருக்கக் கூடாதா?' என்பதை மட்டும் விழுங்கிவிட்டு, 9,999 என்று திருத்தினார்.

ஒரே ஒரு ஆள். பதிவு செய்யாத வெளிநாட்டுக்காரர் ஒருத்தர்கூடவா கிடைக்க மாட்டார்? பேக்கரியில் புது ஆள் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே ஓடினார்.

"புது ஆளா? அவன் பக்கத்துத் தெருக்காரன் அக்கா. வாயே திறக்க மாட்டான், அதான் எல்லாரும் வெளிநாடுன்னு நினைச்சுக்கறாங்க," என்ற பேக்கரிக்காரர் கல்லாவிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்தார். "ஆனா நல்ல நேரத்துல வந்தீங்க. எனக்கும் வீட்டுக்காரிக்கும் வந்துடுச்சு!"

புது ஆள் வாயைத் திறக்காமலே கைதட்டினான். 9,997.

தையல்கடை வந்தது. உள்ளே வெளிநாட்டுக்காரர்கள் மூன்று பேர். எதையும் கேட்காமல் போய்விடலாம் என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார். மூவரும் கழுத்தில் தொங்கிய டேப்போடு தெருவுக்கே ஓடி வந்துவிட்டார்கள்.

"அக்கா! மூணு பேரும் பாஸ்!"

"முதல் தடவையிலயேவா?"

"நீங்க சொல்லிக் குடுத்து யாராவது ஃபெயிலாவாங்களா?"

9,994.

பழைய எண்ணையே எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? தலைநகரத்திலிருந்து புதுக் குடிமக்கள் பட்டியல் வர இன்னும் ஒரு மாதம் ஆகும். ஆனால் அக்காவுக்குத் தெரியுமே! தெரிந்தே பொய் எழுத அந்தக் கைக்குப் பழக்கமில்லை.

கடைசி நம்பிக்கையாக ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். லாரி டிரைவரின் மனைவிக்கு இன்றைக்குத்தான் பிரசவம். இருவரும் வெளிநாட்டவர், அதனால் பிள்ளையும் அந்தக் கணக்கில்தான் வரும்.

"ரெட்டைப் பிள்ளைங்க மேடம்!" என்றார் நர்ஸ்.

முழுசாகத் தேறாவிட்டாலும் ஏறுமுகம்தானே என்று அக்கா துள்ளினார்.

"அப்பாவும் அம்மாவும் முந்தாநாள்தான் குடியுரிமை உறுதிமொழி எடுத்தாங்களாம். அதனால ரெண்டும் பிறக்கும்போதே நம்ம நாட்டுப் பிள்ளைங்க!"

வெளிநாட்டவர் இரண்டு பேர் குறைந்தார்கள்; ஊரில் இரண்டு பேர் கூடினார்கள். நாற்பதாயிரத்து இரண்டுக்கு 9,992. கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள். இங்கே புறப்பட்டது இரட்டை.

நான்கு மணிக்கு நகராட்சித் தலைவர் கையெழுத்துப் போட வந்தார்.

"ஏம்மா, காலையில பத்தாயிரம்னு சொன்னியே?"

"காலையில இருந்தாங்க சார்."

"அதுக்குள்ள எங்க போனாங்க?"

"எங்கயும் போகல சார். இங்கயேதான் இருக்காங்க. நம்ம ஊர்க்காரங்களாவே ஆயிட்டாங்க."

சொல்லும்போதே அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஜன்னல் போனாலும் பரவாயில்லை, பதினோரு வருஷத்தில் இவ்வளவு நல்ல கணக்கை எழுதியதே இல்லை என்று தோன்றியது. உடனே ஜன்னலைப் பார்த்தார். வெளியே வரிசை நின்றது. அறிக்கையை மெதுவாகத் தலைவர் பக்கம் நகர்த்தினார்.

"போன வருஷமே இதை மூடணும்னு மன்றத்துல சொன்னேன்," என்றார் தலைவர். "இப்ப விதியே சொல்லிடுச்சு. ஒண்ணாந்தேதியோட மூடிடலாம். அடுத்த மாசம் நகராட்சித் தேர்தல், எனக்கு ஆயிரம் வேலை. ஆனா ஒண்ணு புரியலம்மா. இத்தனை வருஷம் சும்மா இருந்தவங்க, எல்லாரும் ஒரே சமயத்துல ஏன் பரீட்சை எழுதினாங்க?"

இரட்டையரின் பிறப்பைப் பதிய வரிசையில் நின்றிருந்த லாரி டிரைவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"மூடப்போறேன்னு நீங்க சொன்ன அன்னைக்கே படிக்க உக்காந்துட்டோம் தலைவரே, இந்த ஜன்னலுக்காக ஓட்டுப் போடணும்னா முதல்ல நாங்க குடிமக்களாகணுமே!"