ஆடியில் பிறந்த சிப்

ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் எத்தனையோ பேர் உண்டு. கம்ப்யூட்டர் சிப்புக்கு ஜாதகம் பார்த்த மனிதர் இந்தப் பூவுலகில் ஒருவர்தான். எங்கள் தெருவில் அவருக்கு ராகுகாலம் என்று பெயர். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் அப்போதே கிழம். ஹார்ட் டிஸ்க் கிடையாது. பெரிய அப்பளம் போன்ற ஃப்ளாப்பிகளில்தான் அதன் உயிர். வேறு எந்த ரகக் கம்ப்யூட்டரும் அவற்றைப் படிக்காது. ஜாதகம் கணிக்கும் புரோகிராமை எழுதியவர் அவர் தம்பி சீனு. எழுதி முடித்த மறு வருஷமே மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். காலையில் மெஷினைப் போட்டதும், "அண்ணா, காபி ஆச்சா?" என்று இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வரி திரையில் வரும். சீனு விளையாட்டாக எழுதி வைத்தது. "ஆச்சுடா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் ராகுகாலம் முதல் ஜாதகத்தை எடுப்பார்.

ஒரு கோடையில் கரண்ட் ஏறி இறங்கியதில், ஃப்ளாப்பியைப் படிக்க வைக்கும் சிப் கருகிவிட்டது. மெக்கானிக் அதைக் கழற்றிக் கொடுத்து, "இதே நம்பர் கிடைச்சா உயிர் வரும் சார். ஆனா கம்பெனியே இப்ப இதைப் பண்றதில்ல" என்றார். நாற்பது கால் உள்ள அந்தக் கறுப்புப் பூரானைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ராகுகாலம் என்னிடம் வந்தார். நான் அவர் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது. வேறென்ன பாவம் செய்ய வேண்டும்?

முதலில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெரு. ஒரு கடைக்காரர் டப்பா டப்பாவாகக் கொட்டித் தேடி, அதே நம்பரை எடுத்தேவிட்டார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. ராகுகாலம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சிப்பின் முதுகைப் படித்தார். எந்த வருஷம், எத்தனையாவது வாரம் செய்தது என்று அதில் பொறித்திருக்கும்.

"முப்பத்தோராவது வாரம். ஆடின்னா இது? வேண்டாம்."

"இன்னா நைனா, பொண்ணா பாக்குற? சிப்பு இது. நல்லா கீது, எடுத்துக்கினு போ."

"ஆடியில பொறந்ததை எப்படிப்பா உள்ள சேர்த்துக்கறது? வேற மாசத்துது இருக்கா பாரு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

அடுத்து தி. நகரில் ஓர் ஆபீஸ். அதே ரக மெஷினைத் தூக்கிப் போடப் போவதாகவும், வந்தால் சும்மாவே தருவதாகவும் சொன்னார்கள். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு வாசலில் நின்றோம். அந்த வேளையில் உள்ளே நுழைய மாட்டேன் என்று ஒன்றரை மணி வரை என்னைப் பனகல் பார்க்கில் உட்கார வைத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பிப் போவதற்குள் பழைய இரும்புக்காரர் மெஷினை உடைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார். "பாத்தேளா, அதுக்கே நேரம் சரியில்லை" என்றார் ராகுகாலம், ஏதோ தப்பித்தவர் மாதிரி.

இப்படியே மழைக்காலம் வந்தது. சந்தில் முழங்கால் தண்ணீர், கடைச் சுவரெல்லாம் ஓதம். எதிரில் புதிதாக முளைத்த கடை கலர் கலராக ஜாதகம் அச்சடித்துக் கொடுத்தது. வாடிக்கை மொத்தமும் அங்கே போனது. புது மெஷின் வாங்கிவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதுல சீனு இருப்பானோ?" என்றார்.

பொங்கல் கழிந்ததும் அடையாறில் ஒரு ரிடையர்டு இன்ஜினியர் வீட்டுப் பரணில் சிப் கிடைத்தது. அதுவும் தை மாதத்தில் செய்தது. ராகுகாலத்தின் முகத்தில் கல்யாணக் களை. நல்ல ஹோரை பார்த்து மெக்கானிக் அதைப் பொருத்தினார். விளக்கு எரிந்தது, டிரைவ் சுழன்றது. கர்கர்ரென்று சத்தம் வந்ததே தவிர, திரையில் ஒன்றும் வரவில்லை. மெக்கானிக் ஃப்ளாப்பியை உருவி வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. பாக்கி ஃப்ளாப்பிகளிலும் அதே கதி.

"சிப் நல்லாத்தான் இருக்கு சார். மழைக்கு முன்னாடி போட்டிருந்தா படிச்சிருக்கும்."

ராகுகாலம் மெஷினை அணைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சீனுவும் ஆடியில பொறந்தவன்தான்" என்றார்.

கடையைப் பூட்டினார். ஸ்கூட்டரில் ஏறச் சொன்னேன். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே அவர் வீடு வரைக்கும் கூடவே போனேன்.