செவிமடுத்தமைக்கான சான்று

இதனால் சகலருக்கும் அறியத்தருவதாவது: மாதத்தின் முதல் வெள்ளி மாலை நான்கு மணிக்கு மேதகு தலைவர் அவர்கள் நாட்டின் முன்னுரிமைகள் பற்றித் தொலைக்காட்சியில் உரையாற்றுவார். கிராமந்தோறும் ஐம்பது பேருக்குக் குறையாமல் மக்கள் ஒன்றுகூடி ஆழ்ந்த கவனத்துடன் செவிமடுப்பர். செவிமடுத்தமைக்குப் புகைப்படம் அனுப்பப்படல் வேண்டும்.

மாம்புரிக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தர் ரஸாக் போன மாதம் அனுப்பிய படத்தில் ஏழு பேர் இருந்தார்கள். அதிலும் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். மேலிடம் பதில் எழுதியது: இம்மாதமும் ஐம்பது சேராவிட்டால் மொனராகலைக்கு இடமாற்றம்.

"புள்ளைகள்ற படிப்ப விட்டுட்டு நான் வரமாட்டன்," என்றாள் மனைவி நிஃப்லா. "நீங்க போங்க. அங்க கடல் மீனும் இல்லயாம்."



வெள்ளி மாலை மூன்றே முக்கால். மாதர் சங்கக் கட்டடத்தில் தொலைக்காட்சி இருந்தது, அறுபது கதிரைகள் இருந்தன, ஆள் இல்லை. எல்லாரும் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டோ வெங்காயத் தோட்டத்திலோ இருந்தார்கள். ரஸாக் பள்ளிவாசலுக்கு ஓடினார்.

"மோதினார், மைக்குல ஒரு அறிவித்தல் சொல்லுங்க, அவசரம்!"

பாங்கு சொல்லும் மோதினார் ஹயாத்து முகம்மது மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். "ஊர் மக்கள் எல்லாரும் ஒடனே மாதர் சங்கத்துக்கு வரணும். நாலு மணிக்கு..."

கரண்ட் போய்விட்டது.

தொழுகை நேரமல்லாத நேரத்தில் பள்ளி மைக் பேசினால் மாம்புரியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ இறந்துவிட்டார்கள். வலையைப் போட்டது போட்டபடி, வெங்காயப் பாத்தியின் மண் ஒட்டிய காலோடு, பத்து நிமிடத்தில் இருநூறு பேர், ஆண்கள் தொப்பியும் பெண்கள் முக்காடுமாக, மாதர் சங்கத்தின் முன்னால் தலைகுனிந்து நின்றார்கள்.

"ஆரு மௌத்தாம்?"

"தெரியல்ல காக்கா. நாலு மணிக்கு அடக்கமாம்."

"அவ்வளவு அவசரமாவா?"

ஊருக்கே அக்காவான மர்ளியா தாத்தா, ஆளைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று இப்போதே அழத் தொடங்கினார்.

உண்மையைச் சொல்ல ரஸாக் வாயைத் திறந்தார். இருநூறு தலைகளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

ஆனால் தொலைக்காட்சி கறுத்துக் கிடந்தது. போனில் சிக்னலும் இல்லை. அதில் போன மாத உரைதான் பதிவாகி இருந்தது. அந்நேரம் பார்த்து, பாட்டுப் போட்டுக்கொண்டு, தெருத்தெருவாகப் பாண் ரொட்டி விற்கும் ஃபைஸலின் ஓட்டோ வந்தது.

"ஃபைஸல், அந்தப் பாட்ட நிப்பாட்டு! ஒண்ட ஸ்பீக்கர்ல என்ட போனக் கொழுவு."

"மௌத்து வூட்டுல என்னத்த சேர் போடப் போறீங்க?"

"கொழுவு சொல்றன்!"

பாண் ஓட்டோவின் கூரையிலிருந்து மேதகு தலைவரின் கனத்த குரல், தமிழாக்கத்தில், முன்னுரிமைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தது.

"ஆரு பயான் பண்ற?" என்று கேட்டார் கரைவலைக்காரர் அன்ஸார்.

"கொழும்பு மௌலவி போல. ஒண்டும் வெளங்கல்ல, ஆனா நல்ல குரல்."

'வளமான எதிர்காலம் நம் அனைவருக்கும் கிட்டட்டும்' என்று தலைவர் முடித்தபோது இருநூறு பேரும் கையேந்தி, "ஆமீன்" என்றார்கள். ரஸாக் படம் எடுத்தார். கண்ணீர்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. எந்தத் தலைவரையும் எந்த மக்களும் இப்படிக் கேட்டதில்லை.

"சரி சேர், மையித்து எங்க?" என்றார் அன்ஸார்.

"மையித்து... இல்ல காக்கா. இது நாட்டுத் தலைவர்ட உரை."

"அப்ப ஆரும் மௌத்தாகல்லயா?"

"இல்ல."

"எங்கட வல?"

எல்லாரும் கடற்கரைக்கு ஓடினார்கள். வலை கிழிந்து கிடந்தது. மீன் கடலுக்குத் திரும்பியிருந்தது. மௌத்து ஒன்று இல்லாத குறையைத் தீர்த்துவைப்பதென்ற முடிவோடு அவர்கள் திரும்பி வந்தபோது ரஸாக் மாதர் சங்கத்துக் கதவை உள்ளே தாழிட்டிருந்தார்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. வெளியே கதவு அதிர, உள்ளே ரஸாக் படத்தை அனுப்பினார். மொனராகலை இடமாற்றம் தப்பியது. உடனே காரியாலயத்து லிகிதர் நிஸ்ரின் போனில் அழைத்தாள்.

"படம் கிடைச்சதா நிஸ்ரின்? கூட்டத்தப் பாத்தியா?"

"கிடைச்சது சேர். இண்டைக்கு உரைய காலையிலயே ரத்துப் பண்ணிட்டாங்க, ஆனா மத்த முப்பது ஊரும் மத்தியானமே கேட்டு முடிச்சுப் படம் அனுப்பிட்டாங்க, ஒங்கடதுதான் பிந்திட்டு."