இடது கால் பாதுகாப்புத் தீர்மானம்

நெருப்பைக் கண்டுபிடித்தவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை. அதன் சூட்டை யார் தாங்க வேண்டும் என்று கண்டுபிடித்தவர்கள் தென்காசிக்காரர்கள். 1981 சாரல் காலத்தில், மோட்டார் சைக்கிள் உரிமையாளர் நலச் சங்கத்தின் அவசரக் கூட்டத்தில் அது நடந்தது. நான் நேரில் பார்த்தேன். காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்தின் செயலாளர் வீரபாகு என் கணவர். அவர் வண்டிக்கு இரண்டு பக்கமும் சைலன்சர். பின்னால் ஒருபக்கமாக உட்காரும் எனக்கு, இடது குழாய் கெண்டைக்காலை ஒட்டி வரும். ஆறு மாதத்தில் இரண்டு முறை சுட்டுக்கொண்டேன். அது என் 'சொந்த விஷயம்'. மூன்றாவது முறை காலோடு என் நைலக்ஸ் சேலையும் உருகி, குரோமியப் பளபளப்பில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. உடனே அது 'பொதுப் பிரச்சினை' ஆகிவிட்டது.

எங்கள் வீட்டு முன்னறையில் கூடினார்கள். தலைவர் ஏசுதாசன், ஓய்வுபெற்ற தாசில்தார். அந்தக் கறைக்காக எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். பிறகு சிறப்பு அழைப்பாளரான மெக்கானிக் பீர் மைதீன் ஒரு நாடாச் சுருளை எடுத்து வைத்தார்.

"ரைஸ் மில் பாய்லர்ல சுத்துத ஆஸ்பெஸ்டாஸ் நாடா. ஆலங்குளத்துல வாங்கினேன். இதைச் சைலன்சர்ல சுத்திட்டா மதினிக்குக் காலு சுடாது."

"குரோமியம் மறைஞ்சிருமேவே," என்றார் என் கணவர்.

"மறையத்தான செய்யும்."

"மறைக்கதுக்கா வாரத்துக்கு ரெண்டு தடவை துடைக்கேன்?"

துடைப்பது நான்.

"சூடு அங்கனதான அண்ணாச்சி இருக்கு?"

"சூடு அங்கன இருக்கு. புண்ணு எங்கன இருக்கு? இவ கால்ல. புண்ணு இருக்க இடத்துலதானவே கட்டுப் போடுவாங்க?"

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். "நியாயமான பாயிண்ட்."

"அப்பம் மதினிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க," என்றார் பீர் மைதீன்.

"அவங்க மெம்பர் இல்லையே," என்றார் தலைவர்.

எனக்குள் ஒருத்தி எழுந்து ஆட்சேபம் தெரிவித்தாள். எனக்கு நன்றாகவே கேட்டது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தலைவருக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொண்டுவந்ததும் நான்தான்.

'வாகனத்தின் அழகுக்குப் பங்கமின்றி, பின்னிருக்கைப் பெண்டிரின் இடது காலில் வெப்பக்காப்பு நாடா சுற்றப்படும்.' தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை என் கணவரே சுற்றிக் கம்பியால் முறுக்கினார். கல்யாணமான ஆறு வருடத்தில் அவர் என் காலை இவ்வளவு பொறுமையாகத் தொட்டதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது; அந்தக் கால் மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

"அரிக்குது," என்றேன்.

"பாய்லர் என்னைக்காவது அரிக்குன்னு சொல்லிச்சாட்டி?"

குற்றாலம் போய்ச் சேர்வதற்குள் நாடா சாரலில் ஊறிக் கனத்துவிட்டது. இறங்கும்போது கால் மடங்கவில்லை. வழுக்கி விழுந்தேன், வண்டியும் என் பக்கமாகச் சாய்ந்தது. அது கீழே விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு கைகளாலும் தாங்கினேன். உள்ளங்கைகள் போய்ப் பதிந்தது சைலன்சரில்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று யாரோ கேட்டார்கள். குரல் என்னுடையது.

அவர் வண்டியை நிமிர்த்தி, குனிந்து குழாயைப் பார்த்தார். "தோலுதான் கொஞ்சம் ஒட்டியிருக்கு. ஆறினதும் சுரண்டிக்கிடலாம்."

அபாய வேளையிலும் வாகனத்தின் நலம் விசாரித்த என் பண்பைப் பாராட்டி, அடுத்த கூட்டத்தில் சங்கம் எனக்குப் பொன்னாடை போர்த்தியது. எல்லோரும் கைதட்டினார்கள். கட்டுப் போட்ட கைகளைக் கூப்ப முடியாமல் நான் சும்மா நின்றேன். 'பாராட்டுப் பெற்றவர் சபைக்கு வணக்கம் தெரிவிக்கவில்லை' என்று நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஏற்றினார்கள். கையெழுத்து மணிமணியாக இருந்தது. செயலாளருடையது.