ஆறாம் நம்பர் கட்டிலின் உதவி

"வாயைத் திறக்காதீங்க. வியாதி பேரை மட்டும் சொல்லவே கூடாது" என்று பேராசிரியர் எச்சரித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆறாம் நம்பர் கட்டிலில் கிடந்த பஸ் டிரைவருக்கு நாக்கு நமநமத்தது.

முழங்காலுக்குக் கீழே சிவந்து வீங்கி, காய்ச்சலோடு மூன்று நாள் முன்பு வந்து சேர்ந்தவர். இன்று இறுதியாண்டு மருத்துவ மாணவர்களுக்குத் தேர்வு. அவர் கால்தான் கேள்வித்தாள்.

வேறு யாராவது என்றால் சும்மா கிடந்திருப்பார்கள். இவர் மகளும் அதே வகுப்பு. அவள் சத்தம்போட்டுப் படிப்பதைக் கேட்டுக் கேட்டே இவருக்கும் பாடம் மனப்பாடம். தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால் இம்பெட்டைகோ, மயிர்க்காலில் சீழ் வைத்தால் ஃபாலிகுலைடிஸ். டிப்போவில் யாருக்குக் கொப்புளம் வந்தாலும் சட்டையைத் தூக்கிக் காட்டுவது இவரிடம்தான்.

முதலில் வந்த மாணவன் காலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்தான். எரிசிபெலஸா, செல்லுலைடிஸா, இந்த இரண்டு தோல் தொற்றில் எது என்று தனக்குள் முணுமுணுத்தான். டிரைவருக்கு மனசு கேட்கவில்லை. பேராசிரியர் திரும்பிய நேரம் பார்த்துக் கிசுகிசுத்தார்.

"ஓரத்தைப் பாருங்க தம்பி. சிவப்பு எங்க முடியுதுன்னு பளிச்சுன்னு தெரியுதில்ல? அப்ப செல்லுலைடிஸ்."

அவன் முகத்தில் உயிர் வந்தது. வெளியே போனவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அடுத்து வந்தவள் நேராக இவர் காதோரம் குனிந்து உறுதிப்படுத்திக்கொண்டாள். மூன்றாவது ஆள் காலைப் பார்க்கவே இல்லை. நான்காவது ஆள் இருந்த தைரியத்தில் நல்ல காலை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனான். நால்வரும் ஒரே பதிலைச் சொல்ல, பேராசிரியர் நாற்காலியை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

ஐந்தாவதாக மகள் வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் நின்றாள்.

"சார், இவர் எங்கப்பா."

"காலுக்கு ஏதும்மா சொந்தபந்தம்? பாரு."

அவள் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, தொடலாமா என்று அவரிடமே கேட்டாள். சிவப்பின் ஓரத்தில் விரலை ஓட்டினாள். தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, இடுக்கில் இருந்த சிறு வெடிப்பைக் கண்டுபிடித்தாள். முன்னால் வந்த நால்வரும் அந்தப் பக்கமே போகவில்லை. டிரைவருக்குப் படுத்திருந்தபடியே நெஞ்சு நிமிர்ந்தது.

"எரிசிபெலஸ், சார்."

டிரைவர் இருமினார். மறுபடியும் இருமினார்.

"அப்பா, தண்ணி வேணுமா?" என்றவள், பதிலை மாற்றாமலே போய்விட்டாள்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊரார் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுப் பெற்ற மகளைக் கைவிட்டோமே என்று மருகினார். ஆனாலும் விரலிடுக்கைப் பார்த்தது அவள் ஒருத்திதானே என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

சாயங்காலம் மாத்திரை கொண்டுவந்த நர்ஸிடம், பிள்ளைகள் எப்படிச் செய்தார்கள் என்று மெல்லக் கேட்டார்.

நர்ஸ் மாத்திரையை அவர் கையில் வைத்தாள்.

"ஓரம் பளிச்சுன்னு மேடா இருந்தா எரிசிபெலஸ், மங்கிக் கலங்கியிருந்தாதான் செல்லுலைடிஸ். நீங்க காதுல ஓதினதை அந்தப் பிள்ளைகளே சார்கிட்ட சொல்லிட்டாங்க. நீங்க ரெண்டையும் தலைகீழா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க. நாலு பேரும் இந்தக் கேஸ்ல ஃபெயில் ஐயா. அப்பா பேச்சைக் கேட்காத பொண்ணு ஒண்ணுதான் பாஸ்."