பேஸ்போல் அண்ணையின் யுத்தகால சீசன்

இந்த லண்டன் மாநகரத்தில் பேஸ்போல் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்க்காமல், அதன் மட்டையைக் கையால் தொடாமல், அந்த விளையாட்டுக்காக ஊரோடு சண்டை பிடித்த ஒரே மனிதர் எங்கள் பேஸ்போல் அண்ணைதான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். அந்த அக்காவே "இஞ்சை, பேஸ்போல், சாப்பிட வாங்கோ" என்று கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன்.

ரெய்னர்ஸ் லேனுக்குக் கிட்ட ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் நானும் அவரும் ஒன்றாக வேலை செய்தோம். அகதியாக வந்திறங்கிய காலத்தில் அண்ணை ஹரோவில் ஒரு வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தாராம். வீட்டுக்காரர் ஓர் அமெரிக்கக் கிழவர்; இங்கிலாந்துப் பெண்ணைக் கட்டி, அவளையும் பறிகொடுத்துத் தனியே இருந்தவர். கிழவருக்குப் பேச ஆள் வேண்டும், அண்ணைக்கு இங்கிலிஷ் வேண்டும். கிழவரோ தான் சின்னப் பெடியனாக இருந்தபோது பார்த்த, இரண்டாம் உலக யுத்தகாலத்து பேஸ்போலைத் தவிர வேறு எதையும் பேசமாட்டார். ஆகவே அண்ணை கற்ற இங்கிலிஷ் முழுவதும் பேஸ்போல் இங்கிலிஷ். பிரஷர் கூடி டொக்டரிடம் போனபோது, "டொக்டர், நான் இப்ப எத்தினையாவது இன்னிங்ஸிலை நிக்கிறன்?" என்று கேட்டிருக்கிறார். டொக்டர் மண்டையை ஸ்கான் எடுக்க எழுதிக் கொடுத்துவிட்டார்.

மாரியில் குளிருது என்று நான் முனகினால் போதும், தொடங்கிவிடுவார்.

"யுத்த நேரம், பேஸ்போல்காரர் பயிற்சிக்கு ரெயினிலை தூரத்துச் சூட்டு இடங்களுக்குப் போகக்கூடாது எண்டு சொல்லிப்போட்டாங்கள். அவங்கள் பனிக்குள்ளை நிண்டு பயிற்சி எடுத்தவங்கள். நீர் ஹீற்றருக்குப் பக்கத்திலை நிண்டு அழுகிறீர்."

"பனிக்குள்ளை பந்து பறக்குமோ அண்ணை?"

"எங்கை பறக்கிறது? றப்பர் எல்லாம் யுத்தத்துக்குப் போட்டுது. உள்ளுக்கை வேறை என்னவோ வைச்சுச் செய்த பந்து. அடிச்சால் பிலாக்காய் மாதிரி விழுமாம்."

எல்லாக் கதைக்கும் மேலே அவருக்கு ஒரு கதை இருந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட, மிஞ்சியவர்களைத் திரட்டிச் சீசனை நடத்தினார்கள் அல்லவா? அதில் வலது கையில்லாத ஒருவன் பெரிய அணியொன்றில் ஆடினான். பந்தைப் பிடித்து, கிளவுஸைக் குறைக்கையின் கக்கத்தில் செருகி, பந்தை நெஞ்சுக்குக் குறுக்கே உருட்டி, அதே இடது கையால் எடுத்து எறிவான். கண் மூடித் திறக்கமுன் எல்லாம் முடிந்துவிடும். அண்ணை இதைக் கடைத் தோடம்பழத்தை வைத்துச் செய்து காட்டுவார். பெற்றோலுக்குக் காசு கட்ட வந்தவர்கள் வாசல்வரை வரிசையில் நிற்பார்கள். ஒருமுறை தோடம்பழம் நேரே போய் முதலாளியின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தது. முதலாளி திட்டவில்லை. "திரும்ப ஒருக்கால் காட்டும்" என்றார்.

ஒரே ஒருவன் வந்தால் மட்டும் தோடம்பழம் கூடைக்குத் திரும்பிவிடும். அவன் குணா. வன்னியில் ஷெல் பட்டு வலது கையை முழங்கைக்கு மேலே இழந்தவன். பாரிஸிலிருந்து குடும்பத்தோடு வந்து எங்களுக்கு எதிரே பலசரக்குக் கடை போட்டிருந்தான். பகிடிக்காரன். ஆனால் ஊர்ச் சங்க ஒன்றுகூடலில் கிரிக்கெட் தொடங்கியதும், மெல்ல நழுவிக் கொத்துரொட்டிப் பக்கம் போய் நிற்பான்.

அந்தக் கோடையில், ஒன்றுகூடல் நாளிலேயே ஈஸ்ட் ஹாமில் ஒரு பெரிய கலியாணமும் வந்து சேர்ந்தது. நன்றாக ஆடக்கூடிய பெடியள் முழுப்பேரும் கோட்டுச் சூட்டோடு அங்கே. பக்கத்து ஊர்ச் சங்கத்தார் வெள்ளை உடுப்போடு பார்க்கில் வந்து நிற்கிறார்கள். எங்கள் பக்கம் முதுகு பிடித்த நான், மூட்டுவலி மாமாக்கள், பள்ளிக்கூடத்தில் நெற்போல் ஆடிய மலர் அக்கா.

"மட்ச் ஏலாது, விடுவம்" என்றார் எங்கள் சங்கத் தலைவர்.

அண்ணை பொங்கி எழுந்தார். "உலக யுத்தத்துக்கே சீசனை நிப்பாட்டேல்லை. நீங்கள் ஒரு கலியாணத்துக்கு நிப்பாட்டுறியளோ?"

தானே கப்டன் என்று அறிவித்தார். பதினொருவரில் ஓராள் குறைந்தது. அண்ணை எல்லாப் பக்கமும் பார்த்தார், கொத்துரொட்டிப் பக்கத்தைத் தவிர.

அங்கிருந்து குணாதான் வந்தான்.

"அண்ணை, அந்த ஒற்றைக் கைக்காரன் கதையை ஹரோ முழுக்கச் சொல்லிப்போட்டியள். என்ர மனிசிக்கும் சொல்லிப்போட்டியள். எனக்கு மட்டும் ஏன் சொல்லேல்லை?"



"நீர் என்ன நினைப்பீரோ எண்டு..."

"அவன் எப்பிடி எறிஞ்சவன்? காட்டுங்கோ."

அண்ணை புல்லில் நின்று செய்து காட்டினார். குணா கவனமாகப் பார்த்தான். "எனக்குக் கிளவுஸ் இல்லை. அப்ப பாதி வேலை குறைவு. சரி, பிறகு அவனுக்கு என்ன நடந்தது?"

அண்ணை பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "யுத்தம் முடிஞ்சுது. நல்ல ஆக்கள் திரும்பி வந்திட்டினம். அவனைச் சின்ன அணிக்கு அனுப்பிப்போட்டினம்."

குணா வெடித்துச் சிரித்தான். "அப்ப கலியாண வீட்டுக்காரர் வரமுன்னம் நான் ஏதாவது செய்துபோட வேணும்!"

தன் பக்கம் வந்த முதல் பந்தை அவன் கோட்டைவிட்டான். இரண்டாவது மூக்கில் பட்டது. எதிரணித் தலைவர் நல்ல மனிதர். குணா பக்கம் மெதுவாக அடிக்கும்படி துடுப்பாட்டக்காரனிடம் சொன்னார். அண்ணை ஆட்டத்தை நிறுத்திவிட்டு நடுவிலே போனார்.

"மெதுவாய் அடிக்கிறதெண்டால் வீட்டை போங்கோ. அவன் விளையாட வந்தவன். நீங்கள் பாவம் புண்ணியம் பாக்கத் தேவையில்லை!"

இந்த நேரத்தில்தான் கலியாணப் பெடியள் வந்து சேர்ந்தார்கள். ஒருவன் கோட்டைக் கழற்றிக்கொண்டே, "குணா அண்ணை இருக்கட்டும், நான் இறங்கிறன்" என்றான்.

"சீசன் முடியேல்லை," என்றார் அண்ணை. "கோட்டைப் போட்டுக்கொண்டு இருந்து கைதட்டும்."

அடுத்த பந்து குணாவிடமே வேகமாக வந்தது. நெஞ்சால் மறித்தான். அவனால் எங்கே எறிய முடியும் என்று நினைத்து அவர்கள் இரண்டாவது ஓட்டத்துக்குக் கிளம்பினார்கள். குணா குனிந்தது தெரிந்தது, எறிந்தது தெரியவில்லை. விக்கெட் தடி மூன்றும் பறந்தன. மலர் அக்கா ஊளையிட்டார். என் முதுகுப் பிடிப்பு விட்டுப்போனது.

மட்சில் தோற்றுத்தான் போனோம், அதுவும் கேவலமாக. யாரும் கவலைப்படவில்லை. குணா வீங்கிய மூக்கோடு நாலு தட்டுக் கொத்துரொட்டி சாப்பிட்டான்.

மாலையில் அண்ணையை நான்தான் காரில் கூட்டிப் போனேன்.

"ஏன் அண்ணை பேசாமல் வாறியள்?"

அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு காலமும் ஆரோ கண்டதைத்தானே சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். இண்டைக்குத்தான் தம்பி, நான் கண்டனான்."

அவருடைய வீடு வந்தது. அவர் கவனிக்கவில்லை. நானும் நிறுத்தாமல், இன்னொரு சுற்றுக்குக் காரைத் திருப்பினேன்.